"எலும்பு போட்டீங்களாக்கா?"

"உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது." சாயங்காலம் 4:10-க்கு போன்ல இந்த மெசேஜ். எதுய்யா தீர்ந்துச்சு? கைமா மெஷின் அடுப்பு மேடையில அசையாம உக்காந்திருக்கு. சுவிட்சைப் போட்டா உர்ருங்குது, கறியைத் தள்ளற ஸ்க்ரூ சுத்த மாட்டேங்குது. உள்ள சிக்கின நாலாவது கோழிக் கழுத்தை நானே கத்திய விட்டு நோண்டி எடுத்தேன். வாங்கி 19 நாள்தான் ஆச்சு.

காலையில 9-ல இருந்து 1 மணிக்குள்ள ஆள் வரும்னாங்க. லீவு போட்டு உக்காந்திருந்தேன். 3:20-க்கு ஒரு தம்பி வந்தான். 22 வயசு இருக்கும். பைக்குள்ள ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர். மல்டிமீட்டர் இல்ல, டெஸ்டர் இல்ல, ஸ்பேர்னு ஒரு நட்டு கூட இல்ல. வந்தவன் மெஷினைத் திறக்கவே இல்ல. போட்டோ எடுத்தான். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, கவுத்துப் போட்டு அடியில ஒண்ணு. பில்லு. அட்டைப்பெட்டி. கத்தி. கறி அரைஞ்சு வெளிய வர்ற ஓட்டைத் தட்டு. "அந்தத் தட்டைக் கொஞ்சம் வெளிச்சத்துல புடிங்க்கா"ன்னு என்னையே புடிக்க வெச்சு இன்னொண்ணு. மொத்தம் 11 போட்டோ. எண்ணிட்டே நின்னேன். அப்புறம்தான் வாயைத் திறந்தான்.

"எதுக்குங்க்கா வாங்குனீங்க?"

"நாய்க்கு."

"நாய்க்குங்களா?"

"ஆமா தம்பி, நாய்க்குத்தான்."

"எலும்பு போட்டீங்களாக்கா?"

"கோழிக் கழுத்து போட்டேன். கழுத்துல எலும்பு இருக்கும்ல?"

"எலும்பு போட்டா வாரன்ட்டி இல்லீங்க்கா."

அட்டைப்பெட்டியைத் தூக்கிட்டு வந்து அவன் கண்ணு முன்னாடி வெச்சேன். பெட்டி மேல என்ன படம்? எலும்போட லெக் பீஸ். மெஷின் வாய்க்குப் பக்கத்துலயே, எலும்பு வெளிய நீட்டிக்கிட்டு, பளபளன்னு. "இது என்ன தம்பி?"ன்னேன். "அது சும்மா படம்ங்க்கா." சும்மா படம்! காசு குடுத்தவ படத்தை நம்பித்தானே குடுத்தா? கையேட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமா தேடினோம், ரெண்டு பேரும் தரையில உக்காந்து. 11-ம் பக்கத்துல எறும்பு சைஸ் எழுத்துல "கடினமான எலும்புகளைப் போட வேண்டாம்"னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. கடினம்னா எது? மாட்டுத் தொடை எலும்பு கடினம், ஒத்துக்கறேன். பச்சைக் கோழிக் கழுத்தை கையில புடிச்சு வளைச்சா வளையுது. அதுவும் கடினமா? அவனுக்குத் தெரியல. ஆபீசுக்குப் போன் போட்டான். அங்க இருந்த பொண்ணும் கேக்குது: "மேடம், எலும்பு போட்டீங்களா?"

கடைசியில, "ஒரு ஓடிபி வரும்ங்க்கா, நான் வந்துட்டுப் போனதுக்கு அடையாளம்"ன்னான். சொன்னேன். அந்த ஓடிபிதான் என் புகாரை மூடியிருக்கு. வந்ததுக்கு அடையாளம்னு சொல்லி வாங்கின நம்பரை வெச்சு, சரி பண்ணியாச்சுன்னு எழுதிட்டாங்க.

நாய் வளர்க்கிறவங்களுக்கு இந்த வயித்தெரிச்சல் புரியும். எங்க வீரன் நாட்டு நாய், 11 வயசு, 18 கிலோ. போன வருஷம் பல்லு ஆடி, ஈறு புண்ணாகி, கடைவாய்ப் பல்லு ஆறை டாக்டர் எடுத்துட்டார். அதுவரைக்கும் கழுத்தைக் கறுக் மொறுக்குன்னு கடிச்சுத் தின்னவன், இப்ப அப்படியே முழுங்கப் பாக்கறான். ரெண்டு தடவை தொண்டையில சிக்கி, நான் வாய்க்குள்ள கையை விட்டு எடுத்தேன். அதனாலதான் மெஷின். உடம்பு எடையில 2-ல இருந்து 3 சதவீதம், அதாவது நாளைக்கு 400, 450 கிராம். பெரும்பங்கு கறி, பத்துல ஒரு பங்கு எலும்பு, கொஞ்சம் ஈரல். வெறும் கறியா போட்டா பாஸ்பரஸ் ஏறி, கால்சியம் பத்தாம, உடம்பு தன் எலும்புல இருந்தே கால்சியத்தை எடுக்க ஆரம்பிச்சுடும். அந்த எலும்புக்காகத்தான் கழுத்து.

வேக வெச்சுப் போடுன்னு சொல்றவங்க, கறியை வேக வைங்க, எலும்பை வேக வைக்காதீங்க. வெந்த எலும்பு கூரா உடைஞ்சு குடலைக் கிழிக்கும். பச்சைக்கறியே வேண்டாம், சால்மோனெல்லாங்கற கிருமி வரும்னு சொல்ற டாக்டர்களும் உண்டு. அந்த பயம் எனக்கும் இருக்கு. அதனாலதான் பாதி உறைஞ்ச பதத்துல அரைக்கறேன், அரைச்ச உடனே எல்லாத்தையும் கழட்டிக் கழுவறேன். கழுவறப்பதான் அடுத்த அநியாயம். உள்ள இருக்கற ஸ்க்ரூவும் கத்திக்கூடும் அலுமினியம். சுடுதண்ணியும் சோப்பும் பட்ட ரெண்டாவது நாளே கறுத்துப்போச்சு. விரலால தேய்ச்சா சாம்பல் கலர்ல மை மாதிரி வருது. பெட்டி மேல ஸ்டீல்னு போட்டிருக்காங்க. எது ஸ்டீல்? வெளிய மூடின தகடு ஸ்டீல். கறி படற இடம் அலுமினியம்.

வாரன்ட்டிதான் இல்லைன்னு ஆயிடுச்சே, தம்பி போன கையோட மெஷினை எங்க தெருமுனை லேத் பட்டறை அண்ணன்கிட்ட தூக்கிட்டுப் போனேன். நான் இருக்கறது கோயம்புத்தூர். 1955-லயே கிரைண்டர் கல்லை மோட்டர்ல சுத்த வெச்ச ஊர். எங்க ஊர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கு. தெருவுக்குத் தெரு மோட்டர் சுத்தற கடை. அண்ணன் நாலு ஸ்க்ரூவைக் கழட்டி உள்ள இருந்து ஒரு வெள்ளைப் பல்சக்கரத்தை எடுத்து என் கையில வெச்சார். நைலான். மூணு பல்லு வழுவழுன்னு தேஞ்சு போயிருக்கு.

"ஏங்கண்ணு, இது வேணும்னே நைலான்ல போடறதுதான். லோடு ஏறுனா இது ஒடையும், மோட்டர் தப்பிக்கும். நான் பித்தளையில கடைஞ்சு தந்தா அடுத்த வாரம் மோட்டரே புகையும்"ன்னார்.

சரி, ஒடையறதுக்குன்னே வெச்சதா இருக்கட்டும். அப்ப அந்தச் சக்கரத்தைத் தனியா விக்கணுமா இல்லையா? ஃபியூஸ் போனா ஃபியூஸ் மாத்தறோம். வீட்டையா மாத்தறோம்? கம்பெனிக்குப் போன் போட்டா, "அந்த பார்ட் தனியா வராது மேடம், முழு யூனிட்டா மாத்திக்கலாம், 3,900 ஆகும்"ங்கறாங்க. மெஷினே 4,800 ரூபாய்!

அதைவிட, அந்த வாட்ஸ். பெட்டி மேல கொட்டை எழுத்துல 2000 வாட்ஸ். மெஷினுக்கு அடியில ஸ்டிக்கர்ல 350. அண்ணன் கேட்டார், "இதோட பிளக் எத்தனை ஆம்ப் கண்ணு?" 6 ஆம்ப். 230-ஐ 6-ஆல பெருக்குங்க, 1380. அந்த பிளக்குல 2000 எப்படி நிலையா ஓடும்? 746 வாட்ஸ் ஒரு ஹெச்பி. 2000-ன்னா ரெண்டரை ஹெச்பிக்கும் மேல. எங்க வீட்டு போர் மோட்டரே ஒன்றரை ஹெச்பிதான். மோட்டர் சிக்கிக்கிட்டு, சுத்த முடியாம முக்கிட்டு நிக்கற அந்த நொடியில இழுக்கற கரண்டை எடுத்துப் பெட்டி மேல போட்டிருக்காங்க. மெஷின் தோத்துப்போற நேரத்துக் கணக்கைக் காட்டிக் காசு வாங்கியிருக்காங்க. இது பச்சைப் பொய்.

வாங்கப்போற யாராவது இதைப் படிச்சா, வாட்ஸைப் பாக்காதீங்க. தட்டு நம்பரைக் கேளுங்க. என்னோடது 5-ம் நம்பர், தட்டு குறுக்களவு 54 மில்லிமீட்டர். 12-ம் நம்பர்னா 70, 22-ன்னா 82. வாய் பெருசாக பெருசாக கழுத்து சிக்காம போகும். 8 மில்லிமீட்டர் ஓட்டைத் தட்டு போதும். நாய்க்கு எதுக்கு 3 மில்லிமீட்டர்ல மாவாட்டம்? கத்தியோட தட்டையான பக்கம் ஓட்டைத் தட்டை ஒட்டி இருக்கணும், திருப்பி மாட்டினா கறி வெட்டுப்படாம நசுங்கும். பல்சக்கரம் இரும்பா நைலானான்னு கடைக்காரர்கிட்ட கேட்டு, "எலும்போட கோழிக் கழுத்து அரைக்கும்"னு பில்லுலயே எழுதி வாங்குங்க. எழுதித் தரலைன்னா எழுந்து வந்துடுங்க. இதுல ஒண்ணு கூட அந்தப் பெட்டி மேல இல்லை.

மிக்ஸியில போடுன்னு எங்க அம்மா. போட்டேன். நரம்பு பிளேடுல சுத்திக்கிட்டு ஜாரே ஆடுது. இப்போதைக்கு முட்டை ஓட்டைக் காய வெச்சுப் பொடிச்சுக் கறியில கலக்கறேன், கால்சியத்துக்கு. ராத்திரி 8 மணிக்கு வெட்டுக்கத்தியால கழுத்தைக் கொத்தறேன். வீரன் காலடியில உக்காந்து மேடை மேல இருக்கற மெஷினையே பாக்கறான். 19 நாள்ல அவன் பழகிட்டான். அந்தச் சத்தம் கேட்டா சோறுன்னு அவனுக்குத் தெரியும். மணி ஆனதும் மெஷினைப் பாத்து வாலாட்டறான். எனக்கு அழுகையா வருது.

இதுல கீழ் வீட்டுக்காரம்மா நேத்து மேல வந்து, "தெனமும் டொக்கு டொக்குன்னு என்னங்க சத்தம், கொழந்தை தூங்க வேண்டாமா?"ங்கறாங்க. ராத்திரி எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் கொத்தறேன். காலையில நாலே முக்காலுக்கு நீங்க மோட்டரைப் போட்டுட்டுப் போய்ப் படுத்துக்கறீங்களே, மொட்டை மாடித் தொட்டி நிரம்பி, என் பெட்ரூம் ஜன்னல் வழியா அருவி மாதிரி முக்கால் மணி நேரம் கொட்டுதே, அது சத்தம் இல்லையா? ஊரே தண்ணிக்குக் குடத்தோட நிக்குது. அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், முதல்ல அதை எழுந்து அணைங்க.