அவர் போலி இல்லை

நேற்று நம் குழுவில் ஓடிய அந்த மீமை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் டோர்ஸ் என்கிற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் ஜிம் மாரிசன். வலப்பக்கம் கறுப்பு வெள்ளையில் ஓர் ஐஸ் ஹாக்கி வீரர். கீழே "நாம் ஆர்டர் போட்டது, வீட்டுக்கு வந்தது". அவர் பெயரும் ஜிம் மாரிசன்தான் என்று எழுதினேன். "போலிக்கு வக்காலத்தா?" என்று கேட்டார்கள்.

போலி இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர். சொல்லப்போனால் முதலில் அந்தப் பெயரோடு வந்தவரே அவர்தான். அவர் 1931இல் மான்ட்ரியலில் பிறந்தார், பாடகர் 1943இல். இதில் யார் யாருக்குப் போலி?

1951இல் அவர் வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் ஆட வந்தபோது மொத்தமே 6 அணிகள். அதில் இடம் பிடிப்பது என்ன லேசா? பாஸ்டன், டொராண்டோ, டெட்ராய்ட், நியூயார்க் என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1961க்குப் பிறகு அங்கே இடமில்லை. எட்டு வருடம் கீழ் லீகில் ஆடினார். 1966இல் அங்கே சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். அப்புறம் அணிகள் 12 ஆன பிறகு, 38 வயதில் பெரிய லீகுக்கே திரும்பி வந்தார். அந்த வயதில், அந்தப் பனித்தரையில். அதற்குள் ரேடியோவைத் திருப்பினால் இன்னொருவர் குரல். இவர் பெயர் இவர் கையை விட்டுப் போயிருந்தது.

"அவர் கவிஞர், இவர் வெறும் விளையாட்டுக்காரர்" என்கிறார்கள். அந்தக் கவிஞரை எனக்கும் பிடிக்கும், உங்களைவிட அதிகமாகவே பிடிக்கும். 1969இல் அவர் இரண்டு சின்னக் கவிதைத் தொகுப்புகளைச் சொந்தச் செலவில் நூறு நூறு பிரதி அச்சடித்தார். அதில் போட்ட பெயர் என்ன தெரியுமா? ஜேம்ஸ் டக்ளஸ் மாரிசன். ஜிம் என்று போட்டால் மேடையில் ஆடுகிற ஆளைத்தான் பார்ப்பார்கள், கவிதையை யார் படிப்பார்கள்? நீங்கள் கொண்டாடுகிற மனிதரே அந்தப் பெயரிலிருந்து தள்ளி நிற்கப் பார்த்தார்.

பிரபலமானவர்தான் முதலில் நினைவுக்கு வருவார் என்றால், சரி, வரட்டும். அதற்காக மற்றவரைப் போலி என்பதா?

"ஒரு மீமுக்கு இவ்வளவா?" என்று கேட்பவர்களுக்கு. எட்டாம் வகுப்பில் நாங்கள் இரண்டு முருகேசன்கள். ஆண்டு விழாவில் கட்டுரைப் பரிசுக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டேன். "நீ இல்லப்பா, அவன்" என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் வேப்பமரத்தடியில் அப்பா நின்றிருந்தார். கைதட்டத் தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தார். வார் சரியாகத்தான் இருந்தது. வீடு வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. அன்றிலிருந்து பள்ளியை விடும் வரை நான் "இன்னொரு முருகேசன்".

அதனால் எனக்கு இது வெறும் மீம் இல்லை. 700க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிய மனிதர் அவர். படத்தை எடுக்க மாட்டீர்கள் என்றால் இருக்கட்டும். அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு, ஜிம் மாரிசன், தற்காப்பு ஆட்டக்காரர், மான்ட்ரியல் என்று போடுங்கள்.