சீமாங்க் மையங்கள் மூடப்படவில்லை

தமிழ்நாட்டில் உலக வங்கிப் பணம் 2015-இல் நின்றதும் அரசு மருத்துவமனைகளில் இருந்த சீமாங்க் மையங்களை (பிரசவ, பச்சிளங்குழந்தை அவசரப் பிரிவு) மூடிவிட்டார்கள் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், அதைப் பலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியில்லை. உலக வங்கிக் கடனில் 2005-இல் தொடங்கிய சுகாதாரத் திட்டம் 2015-இல் முடிந்தது உண்மை. ஆனால் முடிந்தது அந்தக் கடன்தான் (அது நன்கொடைகூட இல்லை). மையங்கள் மருத்துவக் கல்லூரி, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கு உள்ளேயே இருப்பவை. அந்தக் கடன் முடிந்த பிறகு மாநில பட்ஜெட்டும் தேசிய நலவாழ்வுக் குழுமப் பணமும்தான் அவற்றைத் தாங்குகின்றன. உலக வங்கியின் அடுத்த கடன் வந்ததே 2019-இல். இடைப்பட்ட 2017-இல் என் அக்காவுக்கு ரத்தப்போக்கு வந்து, 108-இல் ஏற்றி இரவு இரண்டு மணிக்கு ஒரு மையத்தில்தான் சேர்த்தோம். மயக்க மருந்து டாக்டர் அங்கேயே இருந்தார், ரத்தமும் அதே வளாகத்திலேயே கிடைத்தது.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். சட்டமன்ற மானியக் கோரிக்கையின்போது மக்கள் நல்வாழ்வுத் துறை வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் இருக்கிறது. 2015-க்குப் பிந்தைய ஏதாவது ஒரு வருடத்துக் குறிப்பை எடுத்து, தாய்சேய் நலப் பகுதியில் சீமாங்க் என்று தேடுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய் பிரசவப் பிரிவு வாசலில் உள்ள பலகையைப் பாருங்கள். தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள், நிறைமாதத்தில் இருக்கும் யாராவது படித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் மையத்துக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.