அந்த நாலு நொடியை ஏன் வெட்டினீர்கள்?

பேய்க் கதையில் அமைதியை வெட்டி எறியச் சொல்லி யார் கேட்டது? கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்துப் பழைய ஓட்டு வீட்டில் நடக்கிற அந்த ஒலிப்புத்தகம். பெயர் வேண்டாம், கேட்டவர்களுக்குத் தெரியும். மூன்றாம் அத்தியாயம். நடுராத்திரி மருமகள் எழுந்து புழக்கடைப் பக்கம் போகிறாள். எழுதியவர் இரண்டே வாக்கியம் வைத்திருக்கிறார்.

"தாழ்ப்பாளில் கை வைத்தாள். தாழ்ப்பாள் ஏற்கெனவே திறந்திருந்தது."

இந்த இரண்டுக்கும் நடுவே நாலு நொடி வேண்டும். கேட்கிறவன் மூச்சைப் பிடிக்கிற நேரம் அது. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன என்று அவனே யோசித்து அவனே பயப்படுகிற நேரம். மொத்தப் புத்தகத்துக்கும் கொடுத்த காசு அந்த நாலு நொடிக்குத்தான்.

அங்கே என்ன நடக்கிறது என்று நொடி நொடியாகச் சொல்கிறேன். "வைத்தாள்" என்பதில் கடைசி "ள்" முடிவதற்குள் ஒலி அறுகிறது, கத்தரிக்கோலால் நூலை வெட்டியதுபோல. அப்புறம் அரை நொடி சுத்த சூனியம். அறையின் காற்று கூட இல்லை, போன் நின்றுவிட்டதோ என்று திரையைப் பார்க்க வைக்கிற சூனியம். உடனே வயலின் ஒரே இழுப்பாக இழுக்கிறது. அதாவது, "இப்போ பயப்படு" என்று நம்மை உசுப்புகிறார்கள். இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை ஐயா! அந்த வயலினுக்கு மேலேயே "தாழ்ப்பாள் ஏற்கெனவே" வருகிறது. "திறந்திருந்தது" என்று படிக்கிறவர் சொல்லி முடிப்பதற்குள் கதவு கிறீச்சிடுகிறது. மருமகள் இன்னும் கதவைத் தள்ளவே இல்லை! தள்ளுவது அடுத்த பத்தியில். அங்கே ஒலி இல்லை, ஏற்கெனவே செலவாகிவிட்டது. இது போதாதென்று ஓநாய் ஊளையிடுகிறது. பனிமலையில் கூட்டமாக நின்று ஊளையிடுகிற ஓநாய், எதிரொலியோடு. தென்பெண்ணைக் கரையில்!

அந்தக் கிறீச்சும் தப்பு. பழைய ஓட்டு வீட்டு மரக்கதவுக்குக் கீல் கிடையாது. கதவுப் பலகையிலேயே மேலும் கீழும் குடுமி செதுக்கி, குழியில் நிறுத்தியிருப்பார்கள். கதவைத் தள்ளினால் அடித்தொண்டையில் முனகுகிற கனத்த சத்தம்தான் வரும். இவர்கள் போட்டிருப்பது துருப்பிடித்த இரும்புக் கீலின் சத்தம், இலவச ஒலித்தொகுப்பில் முதல் பக்கத்தில் கிடைப்பது. நம்மூர் ராத்திரியில் பயமுறுத்த ஆளா இல்லை? புள்ளி ஆந்தை கிறீச்சிட்டால் போதும். பகல் வெயிலில் காய்ந்த ஓடு ராத்திரிக் குளிரில் சுருங்கி "டக்" என்னும். எலி பரணில் பாத்திரத்தை உருட்டும். தெருநாய் திடீரென்று குரைப்பதை நிறுத்தும். அதைவிடவா ஓநாய்?

நாலு நொடி எப்படி அரை நொடி ஆனது என்று எடிட்டிங் தெரிந்த யாருக்கும் உடனே விளங்கும். மென்பொருளில் "ட்ரங்கேட் சைலன்ஸ்" என்று ஒரு வசதி உண்டு. எத்தனை டெசிபலுக்குக் கீழே போனால் அமைதி, எவ்வளவு நேரத்துக்கு மேல் நீண்டால் எவ்வளவாகச் சுருக்க வேண்டும், இதைக் கொடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் பத்து மணி நேர ஒலியில் உள்ள நீண்ட இடைவெளி எல்லாம் ஒரே அளவாகிவிடும். பொருளாதாரப் பாடத்துக்கு அது சரி. பேய்க் கதைக்கு அதைப் போடுவது பந்தியில் சோறு வைத்துவிட்டு இலையை உருவுகிற வேலை. படித்தவர் அங்கே கட்டாயம் நிறுத்தித்தான் படித்திருப்பார். மற்ற இடங்களில் அவர் மூச்சு விடுகிற விதத்திலேயே அது தெரிகிறது. அவர் உழைப்பையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சூனியத்துக்குக் காரணம் வேறு. அது நாய்ஸ் கேட். ஒலி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் கதவை மூடுகிற கருவி. பதிவில் உச்சச் சத்தம் பூஜ்யம், அதற்குக் கீழே எல்லாம் மைனஸ். அளவை மைனஸ் 40 டெசிபலில் வைத்தால் இரைச்சலோடு சேர்ந்து சொல்லின் வாலும், மூச்சும், முணுமுணுப்பும் போய்விடும். "தளத்தில் இரைச்சல் கூடாது என்கிறார்கள்" என்று சாக்கு சொல்வார்கள். ஒலிப்புத்தகங்களை வெளியிட உதவுகிற ஏசிஎக்ஸ் இணையதளத்தின் விதி என்ன? பேச்சின் சராசரி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் நடுவே, உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டாமல், சும்மா இருக்கும்போது இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழே. மைனஸ் 60க்குக் கீழே இருக்கட்டும் என்றார்களே தவிர, துடைத்தெடு என்று சொல்லவில்லை. ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் அறையின் சும்மா ஒலி கொஞ்சம் இருக்க வேண்டும் என்று அதே விதியில்தான் இருக்கிறது.

இதற்கு மருந்து காசில்லாதது. படிக்க ஆரம்பிக்கும் முன் ஃபேனையும் பிரிட்ஜையும் நிறுத்திவிட்டு, அதே அறையில் அதே மைக்கில் ஒரு நிமிஷம் பேசாமல் பதிவு செய்யுங்கள். எங்கே வெட்டினாலும் அந்த ஒலியை அடியில் பரப்புங்கள். அப்போது அமைதிக்கு ஒரு உடம்பு வரும். வீடு இருக்கிறது, ஆள் பேசவில்லை என்று காது நம்பும். பேய் வீட்டுக் கதைக்கு அந்த நம்பிக்கைதான் சுவர், கூரை எல்லாம்.

ஏறத்தாழ 1,900 வருஷத்துக்கு முன் ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஏதென்ஸ் நகரத்துப் பேய் வீடு பற்றி. நடுராத்திரி இரும்புச் சத்தம், சங்கிலிச் சத்தம். முதலில் தூரத்தில், அப்புறம் பக்கத்தில். கிழவனின் உருவம் அதற்குப் பிறகுதான் தெரிகிறது. மைக் இல்லாத காலத்து மனுஷனுக்கே தெரிந்திருக்கிறது, பேய் காது வழியாகத்தான் வீட்டுக்குள் வரும் என்று. மைக்கைக் கையில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியவில்லை.

சரி, பஸ் இரைச்சலில் கிசுகிசுப்பு கேட்காதே, அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே சத்தமாக அமுக்கினோம் என்பார்கள். தொப்பூர் கணவாயில் இறங்குகிற பஸ்ஸில் கேட்காதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கம்ப்ரெஸ்ஸர் என்ற ஒலி அமுக்கும் கருவியை முறுக்கி அலறலையும் முணுமுணுப்பையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதா அதற்கு வழி? கிசுகிசுக்கும்போது மைக்கை நெருங்குங்கள், நாலு விரல் தூரத்துக்கு, வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் ஓரமாக, "ப" வெடிக்காமல். அலறும்போது ஒரு கை நீளம் பின்னால் போய் முகத்தைத் திருப்புங்கள். நெருக்கமான மூச்சு இரைச்சலிலும் காதோரம் வந்து நிற்கும். வானொலி நாடகத்தில் நடித்த பெரியவர்கள் காலடியை நகர்த்தியே தூரத்தைக் காட்டினார்கள்.

அப்புறம் அந்தக் காலடிச் சத்தம். இடது காதில் ஆரம்பித்து வலது காதுக்குப் போகிறதாம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகுக் கொல்லையில் யானைக்குக் காவலாகப் பரணில் உட்கார்ந்திருப்பவர் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு கேட்க முடியுமா? ஒரு காதில்தான் இயர்போன் இருக்கும், இன்னொரு காது காட்டுப் பக்கம் திறந்திருக்க வேண்டும். மாந்தோப்புக் காவல், ஓசூர் கம்பெனி ராத்திரி ஷிப்ட், எங்கே போனாலும் நம் மாவட்டத்தில் ராத்திரி விழித்திருக்கிறவர்கள் ஒற்றைக் காதில்தான் கேட்கிறார்கள். அந்த ஆளுக்குப் பேய் பாதி தூரம் நடந்து காணாமல் போகிறது. கதை படிப்பதை மோனோவில், அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலியாகக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

"கிழவி"யைக் "கிளவி" என்று பதினொரு தடவை படித்ததைப் பற்றிப் பேசவே எனக்குத் தெம்பில்லை. ஒரு தடவை கூடவா யாரும் திருப்பிக் கேட்கவில்லை?

இதெல்லாம் போகட்டும். அந்த அத்தியாயப் பட்டியல் யார் போட்டது? செயலியைத் திறந்ததும் திரையில் கொட்டை எழுத்தில் வருகிறது: "அத்தியாயம் 7: மாமியார் இறந்து மூன்று வருடம்". அதற்கு முந்தைய ஆறு அத்தியாயமும் அந்த மாமியார்தான் அடுப்படியில் உட்கார்ந்து களி கிண்டிக்கொண்டிருக்கிறாள்.