எல்கேஜி போகப்போகும் பிள்ளைக்கு ஏபிசிடி அவசரமில்லை

பள்ளி திறக்கும் ஜூன் நெருங்க நெருங்க, பெற்றோர் என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். "மிஸ், ஏ முதல் இசட் வரைக்கும் சொல்றான், எழுதத்தான் வரலை. டியூஷன் வைக்கலாமா?"

வேண்டாம். எல்கேஜி வகுப்பு எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். மூன்றரை வயது விரல்களுக்குப் பென்சிலை அழுத்திப் பிடிக்கும் பலம் இன்னும் வந்திருக்காது. பட்டாணி உரிக்க விடுங்கள், சப்பாத்தி மாவு உருட்டக் கொடுங்கள், காயும் துணிக்குக் கிளிப் போடச் சொல்லுங்கள். எழுத்து தானாக வரும். பள்ளியில் சேர வரும் ஆறு வயதுப் பிள்ளையையே நேர்காணல் வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. மூன்று வயதுக் குழந்தையை நிற்க வைத்து நிறமும் எண்ணும் கேட்பது எந்த ஊர் நியாயம்?

முதல் மாதம் குழந்தைகளை உண்மையில் வாட்டுவது கழிப்பறைதான். வீட்டில் முகம் போகிற போக்கைப் பார்த்தே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். வகுப்பில் அத்தனை பேருக்கு நடுவே குழந்தை வாய்விட்டுச் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் மட்டுமே பழகிய பிள்ளைகள் பள்ளியில் இந்தியன் டாய்லெட்டைப் பார்த்து மிரண்டு, வீடு போகும்வரை அடக்கிக்கொள்கிறார்கள். அதற்குப் பயந்தே தண்ணீர் பாட்டிலைத் தொடாதவர்களும் உண்டு. பாட்டில் நிறையத் திரும்பி வந்தால் திட்டாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். இந்த மே மாதத்திலேயே பகலில் டயப்பரை நிறுத்திவிடுங்கள். பெல்ட், ஜிப் எல்லாம் வேண்டாம், தானே இறக்கி ஏற்றிக்கொள்ளும்படி எலாஸ்டிக் வைத்த டவுசர் போதும். உள்ளே உதவிக்கு வருவது எந்த ஆயா என்பதையும் பிள்ளைக்கு முதல் நாளே காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, "ஸ்கூல்ல இங்கிலீஷ்லதான் பேசணும்" என்று பயமுறுத்தி அனுப்பாதீர்கள். "மிஸ், ஒண்ணுக்கு வருது" என்று தமிழில் சொன்னால் எங்களுக்குப் புரியாதா? ஆங்கில வார்த்தை வராமல் வாயை மூடிக்கொண்டு ஈர உடையோடு உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பார்த்தால் நெஞ்சு பொறுப்பதில்லை.

சாப்பாடும் அப்படித்தான். போனைக் காட்டி ஊட்டியே பழக்கிய பிள்ளைக்கு டிபன் பாக்ஸைத் திறந்ததும் என்ன செய்வதென்று தெரிவதில்லை. பள்ளிக்குக் கொடுக்கப்போகும் அதே டப்பாவை இப்போதே வாங்கி, வீட்டில் தரையில் உட்கார்ந்து தானே திறந்து சாப்பிடட்டும். பாதி சிந்தும். சிந்தட்டும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஒரே ஒரு வாக்கியத்தைக் கேட்டால்தான்: "சேட்டை பண்ணினா ஸ்கூல்ல போட்டுடுவேன், மிஸ் அடிப்பாங்க." ஆறு மாதமாக இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை முதல் நாள் என்னைப் பார்த்து நடுங்குகிறது. அந்தப் பயத்தைப் போக்கவே எனக்கு ஜூலை ஆகிவிடும். பாட்டி தாத்தாவிடமும் கொஞ்சம் சொல்லி வையுங்கள், பெரும்பாலும் பாசத்தில்தான் சொல்கிறார்கள்.

வாசலில் விட்டுப்போகும்போது ஏமாற்றிவிட்டு நழுவாதீர்கள். "அங்க பாரு மயில்" என்று காட்டிவிட்டு மறைந்துவிட்டால், மறுநாள் முந்தானையை விடாது. "சாப்பிட்டு, விளையாடி முடிச்சதும் அம்மா வந்துடுவேன்" என்று சொல்லி, ஒரு முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அழும். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றால் இன்னும் அதிகம் அழும். சில குழந்தைகள் முதல் வாரம் சிரித்துக்கொண்டே வந்துவிட்டு, தினமும் வரவேண்டும் என்று புரிந்தபிறகு இரண்டாவது வாரம் அழத் தொடங்கும். அதுவும் இயல்புதான். சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள், அது போதும்.

சேர்த்திருக்கும் பள்ளியில் முதல் வாரம் அரை நாள்தானா, மாற்று உடை கொடுத்தனுப்பலாமா, வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று இந்த வாரமே போய்க் கேளுங்கள். ஜூன் முதல் நாள் வாசலில் நிற்கும் கூட்டத்தில் எங்களால் யாருக்கும் நிதானமாகப் பதில் சொல்ல முடியாது.