பாதையை மூடலாம், நிலத்தைக் கைவிடலாமா? லீவன் கிளைப்பாதையை முன்வைத்து

2024 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஃபைஃப் வட்டாரத்தில் இருக்கும் லீவன் என்ற சிறிய ஊருக்கு ஏறத்தாழ 55 ஆண்டுகளுக்குப் பிறகு பயணிகள் ரயில் வந்து நின்றது. தார்ன்டன் என்ற ஊரில் முதன்மைப் பாதையிலிருந்து பிரிந்து கடலோரம் வரை ஓடும் இந்தக் கிளைப்பாதையின் நீளம் ஏறக்குறைய ஆறு மைல்தான். உலகச் செய்தி ஆகும் அளவுக்கு அது பெரிய நிகழ்ச்சி இல்லை. ஆனால் இந்த ஆறு மைல் பாதை எப்படிப் பிழைத்தது என்பதையும், அதே வட்டாரத்தில் அதைவிடப் புகழ்பெற்ற ஓர் ஊரின் பாதை ஏன் பிழைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இருப்புப்பாதைகளைப் பற்றி முடிவெடுக்கும் எந்த அரசுக்கும் அதில் ஒரு செய்தி இருக்கிறது. அதைச் சொல்லவே இந்த நீண்ட பதிவு.

புகழ்பெற்ற அந்த ஊர் செயின்ட் ஆண்ட்ரூஸ். 1413இல் தொடங்கிய பல்கலைக்கழகமும், கோல்ஃப் ஆடுவோர் தாய்வீடாகப் போற்றும் பழைய மைதானமும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகள் நான் அங்கே படித்தேன். அந்த ஊருக்கு ரயில் இல்லை. ஐந்து மைல் தொலைவில் உள்ள லூக்கர்ஸ் நிலையத்தில் இறங்கி, பெட்டி படுக்கையோடு பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். வடகடலிலிருந்து வரும் காற்று வீசும் ஜனவரி இரவில் அந்த நடைமேடையில் நின்றவர்களுக்கு ஐந்து மைல் என்பது எவ்வளவு தொலைவு என்று தெரியும். இவ்வளவு பெயர்பெற்ற ஊருக்கு ஏன் ரயில் இல்லை என்று அங்கே நின்றபடி கேட்டுக்கொண்ட கேள்விதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது.

இந்த ஊருக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியை நடத்தினார். மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே வளர்த்தெடுத்து, அதைப் பிரிட்டனில் பரப்பினார். அவர் விட்டுச்சென்ற செல்வத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்றுதான் பெயர். அந்தப் பெயர்ப்பலகையை முதன்முதலில் பார்த்த அன்று சிறிது நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

இனிப் பாதைக்கு வருகிறேன். 1840களின் இறுதியில் ஃபோர்த் முகத்துவாரத்தின் வடகரையிலிருந்து ஃபைஃப் வழியாக டே முகத்துவாரம் வரை முதன்மைப் பாதை போடப்பட்டுவிட்டது. அது போகும் வழியில் இல்லாத ஊர்கள் தவித்தன. ரயில் வந்த ஊருக்கு நிலக்கரி மலிவாகக் கிடைத்தது, சந்தை நெருங்கி வந்தது. ரயில் வராத ஊர், குதிரைவண்டி கொண்டு சேர்க்கும் விலையில் பொருள் வாங்க வேண்டியிருந்தது. அதனால் அந்தந்த ஊரின் வணிகர்களும் நிலவுடைமையாளர்களும் பங்குப்பணம் திரட்டிச் சொந்தமாகவே குட்டி ரயில்வே கம்பெனிகளைத் தொடங்கினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் ஊர்த்தலைவர் ஹியூ லயன் பிளேஃபேர் முன்னின்றார். லூக்கர்ஸிலிருந்து அங்கே செல்லும் பாதை 1852இல் திறக்கப்பட்டது. தார்ன்டனிலிருந்து லீவன் செல்லும் பாதை 1854இல் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் பொறியாளர் ஒருவரே. அவர் பெயர் தாமஸ் பவுச்.

பவுச் என்றதும் வரலாறு தெரிந்தவர்களுக்கு அவர் வடிவமைத்த டே பாலம்தான் நினைவுக்கு வரும். 1879 டிசம்பர் 28 இரவு, புயலில் அந்தப் பாலத்தின் நடுப்பகுதி ஓடிக்கொண்டிருந்த ரயிலோடு ஆற்றில் விழுந்தது. ரயிலில் இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதே ஆண்டில்தான் அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்திருந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அவரும் மறைந்தார். விழுந்த பாலத்தை வைத்து மட்டும் அவரை எடைபோடுவது நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன். சரக்குப் பெட்டிகளை அப்படியே கப்பலில் ஏற்றிக் கடத்தும் மிதவை ரயில் சேவையை 1850இல் கிரான்டனுக்கும் பர்ன்டைலண்டுக்கும் இடையே ஓடவிட்டவர் அவர். ஏழை ஊர்களுக்கும் எட்டக்கூடிய செலவில் பாதை போட்டுத் தருவதே அவருடைய திறமையாக இருந்தது. எடை குறைந்த தண்டவாளம், மரப்பாலம், நிலத்தின் மேடுபள்ளத்தை ஒட்டிய போக்கு என்று எங்கெல்லாம் சிக்கனம் பிடிக்க முடியுமோ அங்கெல்லாம் பிடித்தார். மரப்பாலங்களைப் பின்னால் வந்தவர்கள் மாற்றிக் கட்ட நேர்ந்தது உண்மை. ஆனால் அந்தச் சிக்கனம் இல்லாவிட்டால் லீவனைப் போன்ற ஊர் அந்தக் காலத்தில் ரயிலைக் கண்டிருக்காது.

லீவன் பாதை சும்மா கிடக்கவில்லை. ஊரின் எல்லையைத் தாண்டிக் கடலோரமாகக் கிழக்கே நீண்டது. 1857இல் கில்கான்கருக்கும், 1863இல் மீன்பிடி ஊரான ஆன்ஸ்ட்ரதருக்கும் ரயில் போயிற்று. 1887இல் அந்தக் கடலோரப் பாதை செயின்ட் ஆண்ட்ரூஸையே தொட்டது. ஆக, பவுச்சின் இரு கிளைப்பாதைகளும் இரண்டு முனைகளிலிருந்து வந்து ஒரே வளையமாகின. வழியில் கேமரன் பிரிட்ஜ் என்ற இடத்தில் ஜான் ஹெய்க் 1824இல் தொடங்கிய விஸ்கி வடிசாலை இருந்தது. தானியம் உள்ளே வரவும் பீப்பாய்கள் வெளியே போகவும் பாதை பயன்பட்டது. அந்த வடிசாலை இன்றும் இயங்குகிறது.

ஆனால் இந்த வட்டாரத்தின் உயிர் நிலக்கரிதான். லீவனை அடுத்த மெத்திலில், சுரங்க நிலங்களின் உரிமையாளரான வீமிஸ் குடும்பம் கட்டிய கப்பல்துறை 1887இல் திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் நார்த் பிரிட்டிஷ் ரயில்வே அதை வாங்கிக்கொண்டது. 1900இல் இரண்டாம் துறையும் 1913இல் மூன்றாம் துறையும் சேர்ந்தன. சுரங்கத்திலிருந்து கப்பல்வரை ஒவ்வொரு அடியும் தண்டவாளத்தின் மேல்தான். கோடைக்காலத்தில் அதே பாதையில் கிளாஸ்கோவிலிருந்து கடற்கரை விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் இறங்கின. ஒரே தண்டவாளம் கரியையும் சுமந்தது, மண்வாளியோடு வந்த பிள்ளைகளையும் சுமந்தது.

1960களில் எல்லாம் சரியத் தொடங்கியது. 1964இல் ஃபோர்த் சாலைப் பாலமும் 1966இல் டே சாலைப் பாலமும் திறக்கப்பட்டபின், முகத்துவாரங்களைக் காரோடு படகில் கடக்கத் தயங்கி ரயிலேறியவர்களும் காருக்கு மாறினார்கள். 1965 செப்டம்பரில் லீவனுக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கும் இடையிலான கடலோரப் பாதை பயணிகளுக்கு மூடப்பட்டது. 1967 செப்டம்பரில் அருகிலுள்ள மைக்கேல் சுரங்கத்தில் தீப்பிடித்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை தந்த அந்தச் சுரங்கம் அதன்பின் இயங்கவே இல்லை. வேலை போன ஊரிலிருந்து வேறெங்கோ வேலைக்குச் செல்ல ரயில் மிகவும் தேவைப்பட்ட அந்த நேரத்தில், 1969 அக்டோபரில், லீவனின் பயணிகள் ரயிலையும் நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஜனவரி 6ஆம் தேதியே செயின்ட் ஆண்ட்ரூஸ் பாதை மூடப்பட்டுவிட்டது.

இரண்டு பாதைகளுக்கும் தந்தை ஒருவர், மூடப்பட்ட ஆண்டும் ஒன்று. அதன்பிறகுதான் அவற்றின் விதி பிரிகிறது.

செயின்ட் ஆண்ட்ரூஸில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பழைய நிலையமும் சரக்குக் கொட்டகைகளும் இருந்த இடத்தில், கோல்ஃப் மைதானத்தை ஒட்டி, பெரிய விடுதி எழுந்தது. பழைய நிலைய அதிபரின் வீடு இன்று மதுக்கடை. ஊருக்கு நெருக்கமாக இருந்த பிந்தைய நிலையம் கார் நிறுத்துமிடம் ஆயிற்று. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் ஒன்றுகூடக் குற்றம் இல்லை. அந்தந்த நேரத்தில் யாரோ ஒருவர் காலியாகக் கிடந்த நிலத்துக்கு நல்ல பயன் கண்டுபிடித்தார், அவ்வளவுதான். ஆனால் ஒரு இருப்புப்பாதையின் மதிப்பு அதன் தொடர்ச்சியில் இருக்கிறது. ஐந்து மைல் நீளமுள்ள ஒற்றை நாடாவை நடுவில் ஓரிடத்தில் கத்தரித்தாலும் மீதி முழுவதும் வெறும் புல்மேடுதான்.

லீவனில் நடந்தது வேறு. மெத்திலில் 1965இல் திறக்கப்பட்ட ஓர் அனல்மின் நிலையம் இருந்தது. சுரங்கங்களில் கரியைக் கழுவும்போது மிஞ்சும் சேற்றுக்கரியை எரிப்பதற்கென்றே கட்டப்பட்ட நிலையம் அது. அந்தக் கழிவைக் கொண்டுவர ரயில் வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காக, பயணிகள் ரயில் நின்றபின்னும் சரக்கு ரயில் முப்பது ஆண்டுகள் லீவன் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. 2000இல் மின் நிலையம் மூடப்பட்டபோதும் பாதையை யாரும் சட்டப்படி கைவிடவில்லை. தண்டவாளங்களுக்கு இடையே மரம் முளைத்துத் தலைக்குமேல் வளர்ந்தது. ஆனால் நிலம் ரயில்வேயின் கணக்கிலேயே இருந்தது, குறுக்கே யாரும் வீடு கட்டவில்லை. பொதுமக்கள்மீது அக்கறை கொண்டு எடுத்த முடிவு எதுவும் அந்தப் பாதையைக் காக்கவில்லை, கழிவுக்கரிதான் காத்தது. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஓர் ஊரின் எதிர்காலம் இப்படித் தற்செயலின் கையில் இருந்திருக்கக் கூடாது.

ஊர்மக்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். லீவனும் மெத்திலும் அடங்கிய லீவன்மவுத் பகுதியில் 2014இல் தொடங்கிய ரயில் இயக்கத்தினர் கூட்டம் கூட்டமாகப் பேசி, மனுக் கொடுத்து, ஆய்வறிக்கைகளை வாங்க வைத்து, விடாமல் நின்றார்கள். 2019 ஆகஸ்டில் ஸ்காட்லாந்து அரசு ஒப்புக்கொண்டது. தொடக்கத்தில் 7 கோடி பவுண்டு என்று மதிப்பிடப்பட்ட செலவு முடிவில் 11.6 கோடி பவுண்டை எட்டியது. இரட்டைப் பாதை, கேமரன் பிரிட்ஜிலும் லீவனிலும் புதிய நிலையங்கள், எடின்பரோவுக்கு நேரடி ரயில்.

இந்தத் தொகையைக் காட்டி ஒரு வாதம் வைக்கப்படுகிறது. பழைய தண்டவாளம் ஒன்றுகூடப் பயன்படவில்லை, ஸ்லீப்பர் கட்டை முதல் சிக்னல் வரை எல்லாமே புதிதாகப் போட்டதுதான், அப்படியிருக்க ‘பாதை காப்பாற்றப்பட்டது’ என்று சொல்வதில் என்ன பொருள் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. என் பதில் இது: இரும்பை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், அறுபடாத ஆறு மைல் நிலத்தை வாங்க முடியாது.

இதற்குச் சான்றும் ஸ்காட்லாந்திலேயே இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பாதை மூடப்பட்ட அதே 1969 ஜனவரி 6ஆம் தேதிதான் எடின்பரோவிலிருந்து எல்லைப்புற ஊர்கள் வழியாக இங்கிலாந்தின் கார்லைலுக்குச் சென்ற வேவர்லி பாதையும் மூடப்பட்டது. அதன் கடைசி ரயிலை நியூகாசில்டன் ஊர்மக்கள் கேட்டை மூடி மறித்தார்கள். அந்த ஊர்ப் பாதிரியாரைக் காவல்துறை கைது செய்தது. தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஸ்டீல் அந்த ரயிலிலேயே இருந்தார். அதன்பின் நிலம் துண்டு துண்டாகக் கைமாறியது. பாதை இருந்த தடத்தில் வீடுகள் வந்தன. எடின்பரோ புறவழிச்சாலை பழைய பாதையைக் குறுக்கே வெட்டிச் சென்றது. 2015 செப்டம்பரில் ட்வீட்பேங்க் வரை முப்பது மைல் மட்டும் திரும்பக் கிடைத்தபோது, அதற்காகச் சட்டமன்றத்தில் தனிச் சட்டம் இயற்றி, நிலங்களையும் வீடுகளையும் கட்டாயமாகக் கையகப்படுத்தி, புறவழிச்சாலைக்காகப் புதிய பாலமும் கட்ட வேண்டியிருந்தது. அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் இன்னும் காத்திருக்கின்றன.

ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஓடும் ரயிலை நிறுத்துவது சில வேளைகளில் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். காலியாக ஓடும் பெட்டிகளுக்கு மக்கள் வரிப்பணத்தை என்றென்றும் கொடுக்க முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரயிலை நிறுத்தும் முடிவும் நிலத்தை விடும் முடிவும் ஒரே கையெழுத்தில் நடக்கக் கூடாது. முதலாவதை அடுத்த அரசு மாற்றிக்கொள்ளலாம், இரண்டாவதை எந்த அரசாலும் எளிதில் மாற்ற முடியாது. மூடப்பட்ட பாதையின் நிலத்தைக் குறைந்தது இரண்டு தலைமுறைக் காலம் அறுபடாமல் பொது உடைமையாக வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்க வேண்டும். நடைபாதையாகவோ மிதிவண்டிப் பாதையாகவோ மக்கள் அதுவரை பயன்படுத்தட்டும். குறுக்கே சுவர் எழும்பாமல் இருந்தால் போதும்.

எந்த ஊருக்கு முதலில் திரும்பக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வியிலும் லீவன் எனக்கு ஒன்றைக் காட்டியது. வெளிநாட்டுப் பயணிகளும் பணமும் குவியும் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு முன்பாக, சுரங்கமும் துறைமுகமும் கைவிட்ட, வறுமை மிகுந்த, சொந்தக் கார் இல்லாத வீடுகள் பல உள்ள லீவன்மவுத்துக்கு ரயில் வந்தது. அது தற்செயலால் வந்தாலும் சரியான வரிசையில்தான் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். எடின்பரோவில் வேலை கிடைத்தும் போய்வர வழியில்லாமல் அதை விட வேண்டியிருந்த ஓர் இளைஞனுக்கு அந்த ரயில் எவ்வளவு பெரியதோ, அவ்வளவு பெரியதாகக் கோல்ஃப் பார்க்க வரும் ஒருவருக்கு அது இருக்காது.

அதற்காகச் செயின்ட் ஆண்ட்ரூஸ் காத்திருக்க வேண்டியதுதான் என்று சொல்லவில்லை. அங்கும் பல ஆண்டுகளாகப் பாதையைத் திரும்பக் கேட்டு ஓர் இயக்கம் உழைத்து வருகிறது. லூக்கர்ஸிலிருந்து ஊருக்குப் பேருந்தில் போகும்போது, கார்ட்பிரிட்ஜில் ஈடன் ஆற்றைக் கடக்கும் இடத்தில், பழைய ரயில் பாலத்தின் கல்தூண்கள் மேலே எதுவும் இல்லாமல் தண்ணீரில் வரிசையாக நிற்பதை இன்றும் காணலாம். படித்த காலத்தில் அந்த இடம் வரும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அடுத்த முறை போகும்போது முதலில் லீவனுக்கு ரயிலில் போய் இறங்கிவிட்டு, அங்கிருந்து கடலோரமாகச் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் பேருந்தில் போவதாக இருக்கிறேன்.