கப்பல் எங்கே நிற்கும் என்று கேட்காமல் தீவுகளுக்கு மார்க் போடாதீர்கள்

பசிபிக் கடலின் சின்னத் தீவுகளுக்கு ஆளுக்கு எவ்வளவு உதவிப் பணம் போகிறது என்று முந்தாநாள் எல்லோருடைய பக்கத்திலும் ஓடிய அந்த அட்டவணையைக் கண்டும் காணாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று நான் மதிக்கும் ஒருவரே அதைப் பகிர்ந்து, "நியூசிலாந்தில் இருக்கிறவர்கள் உங்கள் வரிப்பணம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிவிட்டார். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். ஒருவர் "தேங்காய் விழும்வரை படுத்திருக்கிற சனம்" என்று எழுதினார். அதற்கும் சிரிப்பு. அதை வாசித்த பிறகு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அட்டவணையில் ஐந்து இடங்கள். பிரிட்டனின் பிட்கேர்ன், நியூசிலாந்தோடு சேர்ந்த டோக்கலாவும் நியுவேயும், பிரான்சின் வாலிஸ்-ஃபுட்டுனா, ஆஸ்திரேலியாவின் நோர்போக். மூன்றே நிரல்கள்: பரப்பளவு, சனத்தொகை, ஆளுக்கு எவ்வளவு உதவிப் பணம். இதை வைத்துக்கொண்டு யார் உழைக்கிறார், யார் சும்மா இருந்து சாப்பிடுகிறார் என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

நான் கேட்பது ஒரே கேள்வி. கப்பல் எங்கே நிற்கும் என்று ஒரு நிரல் அங்கே ஏன் இல்லை?

நியுவேயை எடுங்கள். "நோர்போக்கை விட ஏழு மடங்கு நிலம் வைத்துக்கொண்டு ஏன் அதைப்போல உழைக்க முடியவில்லை" என்று அட்டவணைக்காரர் கேட்டிருக்கிறார். கணக்குச் சரிதான், நியுவே ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர், நோர்போக் 35. ஆனால் நியுவேயின் நிலம் என்ன நிலம்? கடலுக்கு மேலே தூக்கப்பட்ட பவளப் பாறை. ஒரு ஆறு கிடையாது, ஓடை கிடையாது. பெய்கிற மழை முழுவதும் பாறைக்குள் இறங்கிவிடும், பிறகு ஆழத்திலிருந்து இறைத்துத்தான் குடிக்க வேண்டும். பாறை இடுக்குகளில் உள்ள கொஞ்ச மண்ணில் டாரோக் கிழங்கு நடுகிறார்கள். தீவைச் சுற்றிச் செங்குத்தான கரை. கப்பலைக் கரையோடு கட்டி நிறுத்தத் துறைமுகம் இல்லை. தலைநகரான அலோஃபிக்கு வெளியே திறந்த கடலில் கப்பல் நிற்கும், சாமான்கள் சிறு படகில் ஏறி இறங்குதுறைக்கு வரும். வந்த படகையே கிரேன் போட்டுத் தூக்கி மேலே வைப்பார்கள், ஏனென்றால் அலை அதைத் தண்ணீரில் நிற்க விடாது. கடல் சரியில்லை என்றால் கப்பல் காத்திருக்கும். ஒரு மூட்டை சீமெந்தின் விலையில் அந்தக் காத்திருப்பும் சேர்ந்திருக்கிறது.

நோர்போக்கிலும் துறைமுகம் இல்லை என்று சொல்வீர்கள். உண்மை. அங்கேயும் கிங்ஸ்டனிலும் காஸ்கேடிலும் சிறு படகுகளில்தான் சரக்கு இறங்குகிறது. ஆனால் நோர்போக்குக்கு 1942இல் போருக்காக விமான ஓடுபாதை போட்டுக் கொடுத்தார்கள். போர் முடிந்தது, பாதை மிஞ்சியது. கிழக்கு ஆஸ்திரேலியாவின் பெருநகரங்களிலிருந்து சில மணி நேரத்தில் போய்விடலாம். எரிமலை மண் வேறு, பசுமையான தீவு. சுற்றுலா வளர்ந்தது. நியுவேக்கு விமான நிலையம் வந்தது 1970களின் தொடக்கத்தில்தான். வந்தபோது பயணிகள் வருவதற்கு முன் ஊர்ச்சனம் ஏறிப் போனது. 1966இல் ஐயாயிரத்துக்கு மேல் இருந்தவர்கள் இன்று ஆயிரத்து எழுநூறு அளவில்தான். நியூசிலாந்தில் தங்களை நியுவேக்காரர் என்று சொல்பவர்கள் முப்பதாயிரத்துக்கு மேல். 2004 ஜனவரியில் ஹீட்டா புயல் அடித்தபோது அலை அந்த உயரமான கரையையே தாண்டி வந்து மருத்துவமனையை அழித்தது. இந்த இரண்டு தீவுகளையும் ஒரே வரிசையில் வைத்து, ஒன்று உழைப்பாளி, மற்றது சோம்பேறி என்கிறீர்கள்.

அடுத்தது டோக்கலாவ். அட்டாஃபு, நுக்குநோனு, ஃபக்காஓஃபோ என்று மூன்று பவளத் திட்டுகள். எல்லாம் சேர்ந்தும் நிலம் 12 சதுர கிலோமீட்டர் அளவுதான், மிக உயர்ந்த இடமே ஐந்து மீட்டர் அளவு. இருப்பவர்கள் ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவில். விமானம் இறங்க இடமில்லை. சமோவாவின் ஆப்பியாவிலிருந்து கப்பலில் ஒரு நாளுக்கு மேல் போக வேண்டும். அந்தக் கப்பலும் பவளத் திட்டு சூழ்ந்த காயலுக்குள் நுழைய முடியாது. பவளப் பாறைக்கு வெளியே நின்று, ஆளும் அரிசியும் எரிபொருளும் சிறு படகில் இறங்க வேண்டும். கப்பல் எங்கே நிற்கும் என்ற கேள்விக்கு டோக்கலாவில் பதில் ஒன்றுதான்: எங்கேயும் நிற்காது.

அந்தச் சனம் சும்மா இருக்கிறதா? 2012இல் மூன்று திட்டுகளுக்கும் சூரிய மின்சாரம் போட்டு டீசலை ஏறத்தாழ முழுவதும் நிறுத்தினார்கள். உலகில் முதலில் அதைச் செய்தவர்களில் அவர்கள் இருக்கிறார்கள். பிடிக்கிற மீனை ஊர் முழுக்கப் பங்கிட்டுக் கொடுக்கிற 'இனாட்டி' என்ற முறை இன்னும் இருக்கிறது. விதவைக்கும் பங்கு உண்டு, கடலுக்குப் போக முடியாத கிழவனுக்கும் பங்கு உண்டு. உங்கள் தலைக்கணக்கில் இது எந்த நிரலில் வரும்? நிலம் சிறிதாக இருந்தாலும் அவர்களைச் சுற்றியுள்ள உரிமைக் கடல் மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டுகிற உரிமப் பணம்தான் இன்று டோக்கலாவின் சொந்த வரவில் பெரியது. இதுவும் அட்டவணையில் இல்லை. உதவிப் பணம் மட்டும் இருக்கிறது, சிவப்பு எழுத்தில்.

வெலிங்டன் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், இங்கே ஹட்டிலும் பொரிருவாவிலும் டோக்கலாவ்க் குடும்பங்கள் நிறைய. என்னோடு வேலை செய்த ஒரு அக்கா நுக்குநோனுக்காரி. வார இறுதியில் அவர் வீட்டுக் கராஜில் நீல நிறப் பீப்பாய் நிற்கும். உள்ளே பால்மா, சவர்க்காரம், பிள்ளைகளுக்குச் செருப்பு, தகப்பனுக்கு மருந்து. அது முதலில் ஆப்பியாவுக்குப் போக வேண்டும், பிறகு அடுத்த கப்பலுக்கு. தாய் வருத்தமாக இருந்தபோது அக்கா எங்களிடம் கேட்டது லீவும் விமான டிக்கெட்டும் அல்ல. "கப்பல் எப்ப போகுது" என்று ஆப்பியாவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தார். அவர் போய்ச் சேருமுன் தாய் போய்விட்டார். அந்த மனுசி என் வாழ்க்கையில் நான் பார்த்த கடும் உழைப்பாளிகளில் ஒருவர். அவருடைய சனத்தைத்தான் தேங்காய் விழும்வரை படுத்திருக்கிறவர்கள் என்கிறீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அம்மா யாழ்ப்பாணத்து நெடுந்தீவு. பள்ளி விடுமுறைக்கு அங்கே போவோம், குறிகாட்டுவான் துறையில் படகுக்கு நிற்போம். காற்றுக் காலத்தில் படகு வராது, வந்தாலும் போகாது. நோயாளி பாயில் கிடப்பார், எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருமுறை அம்மாவின் பத்திரம் ஒன்றுக்காகப் பட்டணத்தில் ஒரு அலுவலகத்துக்குப் போனோம். ஒரு நாள் பிந்திவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் தாளைத் திருப்பித் தள்ளி, "தீவாருக்கு நேரங்காலம் தெரியாது" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முதல்நாள் படகு ஓடவில்லை என்று சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை. தீவுச் சனத்தின் நேரத்தைக் கடல் தீர்மானிக்கிறது என்பதைக் கரையில் இருக்கிறவன் சோம்பல் என்று எழுதிக்கொள்கிறான். அன்று அந்த மேசையில் கேட்டதைத்தான் முந்தாநாள் இந்த அட்டவணையில் திரும்பப் படித்தேன்.

இனி வரப்போகிற ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

"உதவிப் பணம் ஆளுக்கு அதிகம் என்பது பொய்யா?" பொய் இல்லை. ஆனால் அது எப்படி அதிகமாகிறது என்று பாருங்கள். பிட்கேர்னில் இருப்பவர்கள் நாற்பது ஐம்பது பேர். 1789இல் பவுண்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் கலகம் செய்தவர்களினதும் அவர்களோடு வந்த டஹிட்டிப் பெண்களினதும் வழிவந்த சனம். விமானம் கிடையாது. பிரெஞ்சு பொலினீசியாவின் மங்கரேவாவிலிருந்து கப்பலில் முப்பது மணி நேரத்துக்கு மேல். கப்பல் வெளியே நிற்கும், தீவார் நீளப் படகு எடுத்துப்போய் ஆளையும் சாமானையும் இறக்கி வருவார்கள். ஒரு மருத்துவர், ஒரு ஆசிரியர், ஒரு கப்பல். நாலாயிரம் பேர் இருந்தாலும் அதே கப்பல்தான், நாற்பது பேர் இருந்தாலும் அதே கப்பல்தான். ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கு இழுத்த மின்கம்பியின் செலவை அந்த வீட்டுக்காரரின் தலையில் மட்டும் எழுதி, இவர்தான் அதிகம் தின்கிறார் என்பதுபோல இருக்கிறது உங்கள் கணக்கு.

அந்தப் பிட்கேர்னும் ஒரு காலத்தில் உழைத்து வாழ்ந்த இடம்தான். பனாமாக் கால்வாய் 1914இல் திறந்தபோது நியூசிலாந்துக்குப் போகிற பயணிகள் கப்பல்கள் அந்த வழியால் போயின. தீவார் கடலுக்கு வந்து பழமும் மரச் சிற்பங்களும் விற்றார்கள். 1940இலிருந்து தபால்தலை விற்று அரசை நடத்தினார்கள். பிறகு உலகம் விமானத்தில் ஏறியது, கப்பல்கள் நின்றன, தபால்தலை சேர்க்கிறவர்கள் குறைந்தார்கள். 1937இல் இருநூற்று முப்பதுக்கு மேல் இருந்த சனம் கரைந்தது. கப்பல் நின்றால் பொருளாதாரம் நிற்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பிட்கேர்ன் என்றதும் சிறுமிகள் மீதான பாலியல் குற்றங்களுக்காக அங்கே நடந்த 2004 வழக்கைச் சிலர் இழுப்பார்கள். சிறுமிகளுக்கு நடந்தது குற்றம், தண்டனை கொடுத்தார்கள், அதற்கு நான் எந்தச் சாக்கும் சொல்லவில்லை. அது உங்கள் அட்டவணையைச் சரியாக்காது.

"எல்லோரையும் நியூசிலாந்துக்குக் கூட்டி வந்தால் செலவு மிச்சம்தானே" என்று ஒருவர் மிக நல்லவர்போலக் கேட்டிருக்கிறார். இதற்குத்தான் எனக்கு அதிகக் கோபம். சனத்தைத் தூக்கி வேறிடத்தில் வைக்கிற யோசனை பசிபிக்குக்குப் புதிதல்ல. பனாபாத் தீவை 1900 முதல் 1979 வரை பொஸ்பேற்றுக்காகத் தோண்டினார்கள். 1945இல் அந்தச் சனத்தை ஃபிஜியின் ரம்பித் தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள். தீவின் மேற்பரப்பு கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பசளையாக வந்தது. நாங்கள் இங்கே பார்க்கிற பச்சைப் புல்வெளிகளில், நாங்கள் குடிக்கிற பாலில், அந்த மண் இருக்கிறது. அங்கே மட்டும் கப்பல் நிற்க இடம் கண்டுபிடித்தார்கள், ஏற்றிக்கொண்டு போவதற்கு. டோக்கலாவிலும் கப்பல் வந்தது, 1863இல், பெருவுக்கு அடிமைகளாகப் பிடித்துப்போக. ஏறத்தாழ பாதிச் சனத்தைக் கொண்டுபோனார்கள். தீவு எடுத்துக்கொண்டதை மட்டும் கணக்கு எழுதுகிறவர்கள் தீவிலிருந்து எடுத்ததை ஏன் எழுதவில்லை?

"அப்படியானால் சுதந்திரம் வாங்கிக்கொண்டு போகட்டும்." டோக்கலாவ் 2006இலும் 2007இலும் வாக்கெடுத்துப் பார்த்தது. கேட்டது தனி நாடல்ல, நியுவேக்கு 1974இல் கிடைத்ததுபோல நியூசிலாந்தோடு இணைந்த தன்னாட்சி. இரண்டு முறையும் பெரும்பான்மை ஆம் என்றது, தேவையான மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது. வேண்டாம் என்றவர்களைப் பயந்தவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த கப்பல் யாருடையது என்று தெரியாமல் யார் கையெழுத்துப் போடுவார்?

வாலிஸ்-ஃபுட்டுனாவைப் பற்றிச் சுருக்கமாக. பதினோராயிரம் பேர் அளவு, சம்பளம் பெரும்பாலும் பிரெஞ்சு அரசிடமிருந்து, சாப்பாடு பெரும்பாலும் சொந்தத் தோட்டத்திலிருந்து. வாலிஸைச் சுற்றி பவளத் தடுப்பும் காயலும் உண்டு, அமெரிக்கர் போர்க்காலத்தில் போட்ட ஓடுபாதை உண்டு. 230 கிலோமீட்டர் தள்ளி ஃபுட்டுனா, செங்குத்தான மலை, தடுப்புக் காயல் இல்லை. ஒரே பெயரில் சேர்த்து எழுதுகிற இரண்டு தீவுகளுக்கே கப்பல் ஒரேமாதிரி நிற்பதில்லை. அட்டவணையில் இரண்டும் ஒரு வரி.

"வெறும் தகவல்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கொந்தளிப்பு" என்று கேட்பவர்களே, தகவல் என்றால் கீழே "சும்மா இருந்து சாப்பிடும் சொர்க்கங்கள்" என்று எழுதியிருக்காது. உலகம் பூராகவும் அகதியாக ஓடி, போன இடமெல்லாம் "அரசாங்கக் காசில் வாழ்கிறார்கள்" என்ற பேச்சைக் கேட்டவர்கள் நாங்கள். அதே பேச்சை எடுத்து இன்னொரு சனத்தின் மேல் எறிய எங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அட்டவணையைச் செய்தவர் இதை வாசிப்பார் என்று தெரியும். நான்காவது நிரலைச் சேர்த்து, கீழே உள்ள அந்த வரியை எடுத்துவிட்டுப் போடுங்கள், நானே பகிர்கிறேன். பின்னூட்டத்தில் கேள்வியோடு வாருங்கள், தெரிந்தவரை பதில் சொல்வேன். தேங்காய்க் கதையோடு வருகிறவர்களை நீக்குவேன், பிறகு யாரும் என்னிடம் கோபிக்க வேண்டாம்.