இங்கேயே வளர்ந்த செடியாம்!

ஈசிஆர் பக்கம் ஒரு நர்சரியில் போன மாதம் ஒட்டு ரோஜா வாங்கினேன். "இங்கேயே வளர்ந்த செடியா?" என்று இரண்டு தடவை கேட்டேன். "ஆமாங்க, நம்ம வெயிலுக்கு ஜம்முனு வரும்" என்றார். 180 ரூபாய்.

வீட்டுக்கு வந்து கவரைக் கிழித்தால், வேரைச் சுற்றிச் செங்கல் மாதிரி இறுகிய செம்மண் உருண்டை. ஓசூர், பெங்களூர்ப் பக்கமிருந்து வரும் செடிகள் இப்படித்தான் இருக்கும். ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து போகிறது. நடுவில் விரலால் குடைந்தால் காய்ந்த தூள். நம் மொட்டை மாடிச் சூட்டில் அது எப்படிப் பிழைக்கும்? பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத்தான் நட்டேன். அப்படியும் ஒட்டுக்கு மேலே இருந்த கிளைகள் கருகிவிட்டன. ஒட்டுக்குக் கீழே மட்டும் ஒரு தளிர் கொழுகொழுவென்று வருகிறது. அது அடிச்செடியின், அதாவது நல்ல ரோஜாவை ஒட்டு வைக்க வேரோடு எடுத்துக்கொண்ட வேறு ரோஜாச் செடியின் தளிர், நான் ஆசைப்பட்ட பூ அதில் வராது.

சரி என்று போய்க் கேட்டால், "தண்ணி சரியா விட்டிருக்க மாட்டீங்க மேடம்" என்கிறார். இருபது வருஷமாகச் செடி வளர்க்கிறவளிடம்! வெளியூர்ச் செடி என்று உண்மையைச் சொல்லியிருந்தால், பதினைந்து நாளாவது நிழலில் வைத்துப் பழக்கியிருப்பேன். அந்தச் செடியும் பிழைத்திருக்கும்.